தம்பின் நிலையத்தில் பிடிபட்ட அரிசி

12.5.1952, திங்கள்

1. இதை எழுதுபவன் சிவசாமி மகன் பிச்சைமுத்து, வயது நாற்பத்தொன்பது, மலாக்கா நகரில் வழக்குரைஞன்.

2. என் தொழில் நில மாற்றம், குத்தகை, உயில், வாரிசுரிமை. குற்ற வழக்குகளை நான் ஏற்பதில்லை. அவசரகால விதிகளின் கீழ் வரும் வழக்குகளை அறவே ஏற்பதில்லை.

3. இந்த நாட்குறிப்பில் அரசியல் இல்லை. எவரேனும் இதைக் கைப்பற்றிப் படிக்க நேர்ந்தால், இந்த மூன்றாம் பத்தியை முதலில் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

காலை முழுவதும் மழை. மெர்லிமாவ் எல்லைத் தகராறு ஒருவழியாக முடிந்தது. இரு தரப்பும் கையொப்பமிட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இறங்கிப் போனார்கள்.

பிற்பகலில் முனுசாமி என்றொருவர் வந்தார். பூலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர். நாற்காலியில் உட்காரச் சொன்னேன்; உட்காரவில்லை. சனிக்கிழமை அவர் மனைவி பெரியநாயகியைத் தம்பின் ரயில் நிலையத்தில் கைது செய்திருக்கிறார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் அரிசி கொண்டு போனாளாம்.

"எவ்வளவு அரிசி?"

"ரெண்டு கைப்பிடிங்க ஐயா. அவ அண்ணன் செத்துப்போயிட்டாருங்க. வாய்க்கரிசி."

வேறு வழக்குரைஞரிடம் போகுமாறு சொல்லிப் பெயரும் எழுதிக் கொடுத்தேன். அங்கே போய்விட்டுத்தான் வருவதாகச் சொன்னார்.

13.5.1952, செவ்வாய்

அலோர் காஜா காவல் நிலையம். பெரியநாயகியைப் பார்த்துவிட்டு மட்டும் வருவது என்ற முடிவோடு போனேன். நடந்ததை அவள் சொன்ன வரிசையில் பதிகிறேன்.

அவள் அண்ணன் அங்கமுத்து, பத்தாங் மலாக்காவில் ரயில் பாதை வேலைக்காரர். காய்ச்சலில் வெள்ளிக்கிழமை இறந்தார். மறுநாள் காலை இவள் வீட்டு அரிசியில் இரண்டு பிடி எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, மடியில் செருகிக்கொண்டு ரயிலுக்கு வந்தாள். நிலையத்தில் பெண்களைச் சோதிக்கும் பெண் கேட்டாள்: சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா? இல்லை என்றாள். சோதித்தார்கள். அரிசி.

அனுமதியின்றி உணவுப் பொருள் கொண்டு சென்றது ஒரு குற்றம். கேட்டபோது பொய் சொல்லி மறைத்தது இன்னொன்று. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட் ஆயுதக்காரர்களுக்கு ஒரு மணி அரிசியும் போய்ச் சேரக் கூடாது என்பதற்காகப் போட்ட விதிகள் இவை; அளவைப் பார்ப்பதில்லை.

"ஏன் அம்மா இல்லை என்று சொன்னாய்?"

அவள் என்னைப் பார்த்த பார்வை, சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது.

"சாப்பாடு இருக்கான்னு கேட்டாங்க. அது சாப்பாடுங்களா ஐயா?"

வயது முப்பத்து நான்கு. மூன்று பிள்ளைகள். உடல் எரிந்து முடிந்த செய்தியை அவளுக்கு நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு, "யாரு போட்டாங்களாம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

14.5.1952, புதன்

வக்காலத்தில் கையொப்பமிட்டேன். ஏன் என்று எழுதக் காரணம் எதுவும் தயாராக இல்லை.

15.5.1952, வியாழன்

சட்டத்தை நிதானமாகப் படித்தேன். விதியில் அரிசி என்றால் அரிசி. நோக்கம் கேட்கப்படவில்லை. ஆகவே சரியான ஆலோசனை ஒன்றுதான்: குற்றத்தை ஒப்புக்கொள்வது, முதல் குற்றம் என்றும் சிறு அளவு என்றும் சொல்லி இரக்கம் கோருவது. அபராதமோ, சில மாதச் சிறையோ கிடைக்கும்.

ஆனால் அவள் பிறந்தது சேலம் பக்கத்தில். மூன்று வயதில் கப்பலேறியவள். இந்நாட்டுக் குடியுரிமைப் பத்திரம் இல்லை. எதிரிக்கு உணவு கொண்டு போனவள் என்று பதிவானால் நாடு கடத்தலாம். யாரையும் அறியாத ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடலாம். பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், இங்கேயே நிற்பார்கள்.

இதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். ஒப்புக்கொண்டால் ஒருவேளை கண்ணில் படாமல் போகலாம், வழக்காடித் தோற்றால் நிச்சயம் கண்ணில் படும் என்றும் சொன்னேன்.

"ஒத்துக்க மாட்டேங்க."

"கொண்டு போனது உண்மைதானே?"

"உண்மைதான். அத காட்டுக்காரனுக்குன்னு ஒத்துக்கிட்டா, எங்க அண்ணன் வாய்க்கு நான் கொண்டு போனது எதுங்க? அப்புறம் நான் அழுததும் பொய்யாயிடுமே."

யாருக்கு என்று ஒப்புதலில் சொல்லத் தேவையில்லை என்று விளக்கினேன். காதில் வாங்கவில்லை. திரும்பும் வழியில் யோசித்தேன்: சட்டப்படி நான் சொன்னதுதான் சரி. ஆனால் கோப்பைப் புரட்டும் அதிகாரி யாருக்கு என்று தானாகவே நிரப்பிக்கொள்வான். அதை அவள் என்னைவிட முன்னால் பார்த்துவிட்டாளா?

17.5.1952, சனி

தம்பின் நிலையத்துக்குப் போனேன். இடத்தைப் பார்க்காமல் வழக்கை எடுத்துரைப்பது முறையன்று.

பெயர்தான் அடுத்த மாநிலத்து ஊரான தம்பின், நிற்கும் மண் பூலாவ் செபாங், மலாக்கா மாநிலம். நீதிமன்ற வரம்பு பற்றி ஐயமில்லை. மலாக்கா நகருக்குப் போன கிளைப் பாதையை ஜப்பான்காரன் பெயர்த்து எடுத்துப் போனதிலிருந்து, எங்கள் பக்கத்து ரயில் கூட்டம் முழுவதும் பஸ்ஸில் வந்து இந்த ஒரு நிலையத்தில்தான் இறங்குகிறது. மணல் மூட்டைகள். துப்பாக்கி வைத்த இரும்புப் பெட்டி கோத்த வண்டி. அதற்கு முன்னால் பாதையைச் சோதித்துக்கொண்டு போகும் தனி என்ஜின். அது அடுத்த நிலையம் சேர்ந்தாலொழியப் பயணிகள் வண்டி நகராது. ஆகையால் தளமேடையில் எந்நேரமும் இரண்டு வண்டிக் கூட்டம்.

1928இல் லண்டனில் சட்டம் படித்தபோது தினமும் நிலத்தடி ரயிலில் போவேன். இதைப் போலப் பல மடங்கு கூட்டம். அந்தச் சுரங்க நிலையங்களில் ஒருவனை ஒருவன் பார்ப்பதில்லை; பார்ப்பது மரியாதைக் குறைவு. மூன்று ஆண்டுகளில் எவனும் என் பையில் என்ன இருக்கிறது என்று நினைத்ததாகக்கூடத் தெரியவில்லை. தம்பினில் எல்லாரும் எல்லாருடைய பையையும் பார்க்கிறார்கள்.

தின்பண்டம் விற்கலாம், ஆனால் வண்டியில் ஏற்றக் கூடாது. வடைக்காரர் அதையே கூவி விற்கிறார்: "இங்கயே தின்னுட்டு ஏறுங்க! வாயில இருக்கலாம், கையில இருக்கக் கூடாது!" ஒரு சீனக் கிழவர் டின்பால் வாங்கியிருக்கிறார். சேமித்து வைக்க முடியாதபடி கடையிலேயே துளை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பால் சட்டையில் சொட்ட, துளையைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு நின்றார்.

பெண்களுக்குத் தனி வரிசை, கித்தான் திரை. சோதிப்பவள் பெயர் சாலிஹா. ஊர்க்காரி, தமிழ் முஸ்லிம், முப்பது சொச்சம் வயது. தலையில் முக்காடு, ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். அரசுத் தரப்பின் முதல் சாட்சி அவள். ஆகையால் நான் அவளிடம் ஒரு சொல்லும் பேசவில்லை; தள்ளி நின்றேன்.

ஓர் அம்மா பூசைத் தட்டோடு வந்தாள்.

"மக்கானான் இருக்கா? சாப்பாட்டுச் சாமான்?"

"இல்லக்கா."

சாலிஹா தட்டின் துணியை விலக்கினாள். "இது என்னா? மாவு."

"மாவிளக்குக்கா. அம்மனுக்கு."

"அம்மன் சாப்பிடாதா?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. அந்த அம்மாளுக்கும் சிரிப்பு. மாவு தகரத் தொட்டிக்குள் போயிற்று. தட்டும் கற்பூரமும் திரும்பின. "போ போ, அடுத்தது!" கைது இல்லை.

ஆக, இல்லை என்று சொன்னவள் பெரியநாயகி மட்டும் அல்ல. சாமிக்கும் சாவுக்கும் கொண்டு போவதை எங்கள் பெண்கள் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதைக் கண்ணால் பார்த்தேன்.

பார்த்து என்ன பயன்? வழக்குரைஞன் தன் வழக்கில் சாட்சி ஆக முடியாது. நான் சொல்ல முடியாது. கேட்க மட்டுமே முடியும். அந்த மாவிளக்குப் பெண்ணைப் பற்றிக் கேட்டால், அவளைப் பிடிக்காமல் விட்ட சாலிஹாவின் வேலை போய்விடும். அதைக் கேட்கப் போவதில்லை. வேறு எதைக் கேட்பது?

18.5.1952, ஞாயிறு

கேள்விகள் பதினொன்று எழுதினேன். பத்தை அடித்துவிட்டேன்.

19.5.1952, திங்கள்

சாலிஹாவிடம் கேட்க மிஞ்சிய கேள்வி இது: முடிச்சை அவிழ்த்தபோது அது என்னவென்று நினைத்தாய்?

பதில் எனக்குத் தெரியாது. பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதே என்பது முதல் பாடம். அரிசி என்று நினைத்தேன் என்பாள். அத்தோடு தீர்ந்தது வழக்கு. மஞ்சள் துணியையும் காவலர்கள் எங்கோ எறிந்துவிட்டார்கள். சான்றுப் பொருளாக வெறும் காகிதப் பொட்டலத்தில் அரிசிதான் இருக்கிறது.

கோமளாவிடம் சொன்னேன். என் மனைவியிடம் வழக்குகளைப் பேசுவது என் வழக்கமன்று.

"கேக்கலைன்னா என்ன ஆகும்?"

"அவள் கைதி."

"கேட்டுத் தப்பாப் போனா?"

"அப்போதும் கைதி."

"பின்ன எதுக்குங்க சோறு ஆறிப்போற வரைக்கும் யோசிக்கிறீங்க?"

எதுக்குடா உனக்கு இந்த வம்பு, பிச்சைமுத்து? ஒழுங்கா பத்திரம் எழுதிக்கிட்டு இருந்தவன்தானே. நாளைக்கு ஒரு வாய் திறந்து ஒரு கேள்வி, ஒரு பொம்பளையோட பொழப்பு. அவ சேலத்துல எங்க போய் நிப்பா? யாரைத் தெரியும்?

20.5.1952, செவ்வாய்

அலோர் காஜா நீதிமன்றம். நீதிபதி வெள்ளைக்காரர், பொறுமையாகக் கேட்பவர், சிறிது காது மந்தம். அரசுத் தரப்பில் காவல் இன்ஸ்பெக்டர்.

சாலிஹா சாட்சிக் கூண்டில் ஏறி, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கேட்டேன், இல்லை என்றாள், சோதித்தேன், இருந்தது. இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார்.

எழுந்தேன். கேட்டேன்.

அவள் நீதிபதியைப் பார்த்தாள், பிறகு கைதிக் கூண்டைப் பார்த்தாள்.

"பார்த்ததுமே தெரியும் சார். வாய்க்கரிசி."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்ல நேரம் பிடித்தது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். எப்படித் தெரியும் என்று அவரே கேட்டார்.

"எங்க தெருவுல பாதி வீடு இவங்க ஆளுங்கதான். சாவு விழுந்தா நானும் போயி நிப்பேன். மஞ்சத் துணி, உள்ள ஒரு சல்லிக் காசு, தலைமுடி அவுந்து கெடக்கு. வேற என்னாவா இருக்கும்?"

இதற்கு மேல் ஒன்றும் கேட்காதே என்றது பயிற்சி. இன்னொன்று கேட்டேன்: மறைத்தாளா?

"மடியில முடிஞ்சுக்கிட்டுதான் சார் போவாங்க. கையில ஏந்திக்கிட்டா போவாங்க?"

இன்ஸ்பெக்டர் எழுந்தார். தெரிந்தும் ஏன் சார்ஜன்டிடம் ஒப்படைத்தாய்?

"சார்ஜன் பக்கத்துலயே நின்னாருலா. அரிசின்னா புடிச்சுக் குடுக்கத்தான் சம்பளம். நான் குடுத்துட்டேன். என்னா அரிசின்னு அன்னிக்கி யாரும் என்னைக் கேக்கல. இன்னிக்கி இவரு கேக்குறாரு, சொல்றேன்."

காட்டுக்காரர்களுக்கு உதவும் பெண்களும் அழுதுகொண்டு வரலாம் அல்லவா?

"வரலாம். தெனம் எத்தினி பேரு எங்கிட்ட அழுறாங்க, தெரியுமா? பொய்யா அழுறவ என் மூஞ்சியப் பாத்து அழுவா. இது என்னைப் பாக்கவே இல்ல."

இன்ஸ்பெக்டர் கோப்பை மூடி உட்கார்ந்தார்.

தீர்ப்பை நீதிபதி அங்கேயே சொன்னார். பொய் சொல்லி மறைத்ததாக நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. அரிசி கொண்டு போனது மெய். விதி எந்த வாய்க்கு என்று கேட்பதில்லை. ஆயினும் குற்றத் தீர்ப்பைப் பதியாமல், ஓராண்டு நன்னடத்தைப் பிணையில் விடலாம். ஐந்நூறு வெள்ளிப் பணத்துக்கு, வீடோ கடையோ உள்ள இருவர் பிணை நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள். நிற்காவிட்டால் தீர்ப்புப் பதிவாகும்.

குற்றம் பதியாவிட்டால் நாடு கடத்தப் பிடி இல்லை. ஆக, இனி எல்லாம் இரண்டு கையொப்பங்கள்.

வெளியே சாலிஹா பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். நன்றி சொல்வது முறையா என்று யோசிப்பதற்குள் அவளே சொன்னாள்: "எங்கிட்ட பேசாதீங்க லாயர் சார். அங்க இன்ஸ்பெக்டர் பாக்குறாரு."

21.5.1952, புதன்

பிணையாளி தேடும் படலம்.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி: "சார், நான் புள்ளக்குட்டிக்காரன்." அவருக்குப் பிள்ளை இல்லை என்று முனுசாமி பிறகு சொன்னார்.

கோயில் தலைவர்: கமிட்டி கூடித்தான் முடிவெடுக்க வேண்டுமாம், அடுத்த கூட்டம் ஆடியிலாம்.

மர வியாபாரி ஒருவர், நான் எழுதிக் கொடுத்த பத்திரத்தால் வீடு வாங்கியவர், காப்பி வாங்கிக் கொடுத்தார். காப்பி மட்டும்.

நானே நிற்கலாம் என்றால், தன் கட்சிக்காரருக்கு வழக்குரைஞன் பிணை நிற்கக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. அந்த விதி இருப்பதில் எனக்கு உள்ளூர ஆறுதல். இதை எழுதாமல் விடுவது நேர்மையன்று.

22.5.1952, வியாழன்

நிலையத்துக்கு எதிரே ஹனீஃப் ராவுத்தரின் மளிகைக் கடை. தோட்டத்துக் கூப்பனுக்கு அரிசி கொடுப்பவர் அவர். கேட்டு முடிப்பதற்குள் பேனா கேட்டார்.

"படித்துப் பாருங்கள் ராவுத்தரே. பொறுப்பு உண்டு."

"என்னா லாயர் தம்பி படிக்கிறது? நான் வித்த அரிசிலா அது. என் கடை அரிசி காட்டுக்குப் போச்சுன்னு எவனாவது நாளைக்கிச் சொல்லணுமா? இது யோக்கியமான அரிசின்னு நானே கையெழுத்துப் போடாட்டி வேற யாரு போடுவா?"

ஒருவர் ஆயிற்று. மாலை வரை அலைந்தும் இன்னொருவர் இல்லை. முனுசாமி பஸ் நிலையத்தில் என்னிடம், "விடுங்க ஐயா, நீங்க செஞ்சது போதும்" என்றார். அவர் எனக்கு ஆறுதல் சொல்லும்படி ஆகிவிட்டது.

வீட்டில் சாப்பிடும்போது கோமளா கேட்டாள்.

"வீடு இருந்தா போதும்ங்களா? யாரா இருந்தாலும்?"

"ஆமாம்."

"இந்த வீடு யார் பேர்ல இருக்கு?"

ஜப்பான் சண்டை முடிந்த கையோடு நானே அவள் பெயருக்கு எழுதி வைத்தேன். என்மீது எவரேனும் வழக்குப் போட்டாலும் வீடு தப்ப வேண்டும் என்ற முன்யோசனை. அந்தப் பத்திரத்தில் ஓர் ஓட்டை இல்லை, என் கைவேலை.

"உன் பேரில்."

"அப்ப நான் வீட்டுக்காரிதானே?"

விளக்கினேன். ஓராண்டுக்குள் அவள் மறுபடி பிடிபட்டால் பணம் போகும். காவல்துறைப் புத்தகத்தில் உன் பெயர் ஏறும். என் தொழில் பேச்சுக்கு ஆளாகும். விதி வழக்குரைஞனைத்தான் சொல்கிறது, மனைவியைச் சொல்லவில்லை. ஆனாலும் பார்வைக்கு நன்றாயிராது.

"மறுபடி எதுக்குப் பிடிபடப் போறா? இன்னொரு அண்ணன் இருக்கானா அவளுக்கு?"

இல்லை என்றேன்.

"சோத்தப் போட்டுக்கங்க" என்றாள்.

23.5.1952, வெள்ளி

முதல் பஸ்ஸுக்கு எனக்கு முன்பே கிளம்பி நின்றாள். பட்டுப்புடவை. நீதிமன்றத்துக்கு எதைக் கட்டிக்கொண்டு போவது என்று தெரியாததால் கல்யாணத்துக்குக் கட்டுவதைக் கட்டினாளாம்.

கையொப்பம் முடிந்தது. பிற்பகல் பெரியநாயகி வெளியே வந்தாள்.

24.5.1952, சனி

தம்பின் ரயில் நிலையம், தளமேடை. காலை.

இன்று அங்கமுத்துவுக்குப் பதினாறாம் நாள். பத்தாங் மலாக்காவில் கருமாதி. பிணையில் இருப்பவள் தனியே பயணம் செய்வது சரியா என்ற ஐயத்தை நான்தான் எழுப்பினேன். கோமளா, "அப்ப நானும் போறேன்" என்று தீர்த்துவிட்டாள். அவர்களை அனுப்பிவைக்க வந்திருக்கிறேன். சோதனை முடிந்துவிட்டது; சாலிஹா மற்றவர்களைச் சோதித்த மாதிரியே இவர்களையும் சோதித்தாள், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முன் என்ஜின் இன்னும் போய்ச் சேரவில்லையாம். கூட்டம் நெரிகிறது. பெஞ்சில் மூவருக்கு இடம் கிடைத்தது.

பெரியநாயகி இதுவரை கோமளாவிடம் ஒன்றும் பேசவில்லை. இப்போது, "அக்கா, வெயிலு படுது, இப்படி வாங்க" என்று இடம் மாறி உட்கார்ந்தாள்.

கிடைத்த நேரத்தில் கீழ்க்கண்டதை எழுதுகிறேன்:

1. பெரியநாயகியின் பிணைப் பத்திரத்தில் இரண்டாம் பிணையாளி என் மனைவி கோமளா.

2. அவளை நான் கேட்கவில்லை.

3. அவளை நான் தடுக்கவும் இல்லை. தடுக்க ஓர் இரவு முழுவதும் இருந்தது.

சாட்சிக் கையொப்பம் கேட்டதும் கோமளா நோட்டை வாங்கிக்கொண்டாள். "படிக்காம போட மாட்டேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்." படித்தாள். மூன்றாவதை மட்டும் பெரியநாயகிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள்.

வண்டி வருகிறது.

(ஒப்பம்) சி. பிச்சைமுத்து

சாட்சிகள்:
கோமளா
பெரியநாயகி, இடது பெருவிரல் ரேகை